எச்.ஐ.வி. உட்கருவுக்குள் நுழைந்து நம் டி.என்.ஏ.வோடு இணைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் தமிழ் பேசுவோரிடமிருந்து எச்.ஐ.வி. குறித்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு பக்கங்களிலிருந்து வருகின்றன. உயிரித்தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் பயிலும் கல்லூரி மாணவர்கள், வைரஸ் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் நோயாளிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் ஆலோசகர்களும் குடும்பத்தாரும், "வைரஸ் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கான விடை முதலாவதற்குள்ளேயே இருப்பதால் இங்கே இரண்டையும் பிரிக்கவில்லை.

எச்.ஐ.வி. ஏன் உட்கரு வரை போக வேண்டும்?

எச்.ஐ.வி.யின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஒவ்வொரு வைரஸ் துகளிலும் ஏறத்தாழ 9,700 எழுத்துகள் நீளமுள்ள ஆர்.என்.ஏ. இழை இரண்டு படிகளாக இருக்கிறது. கொரோனா வைரஸும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான் என்றாலும், அது உட்கருவுக்கு வெளியே உள்ள செல்லின் பகுதியான சைட்டோபிளாசத்திலேயே பெருகி வெளியேறிவிடும். உட்கருவுக்குள் போக வேண்டிய தேவை அதற்கு இல்லை. எச்.ஐ.வி. ரெட்ரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அது தன் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக எழுதி, அந்த டி.என்.ஏ.வை நம் குரோமோசோமுக்குள் பொருத்திவிட்டு, பிறகு நம் செல்லின் சொந்த இயந்திரத்தைக் கொண்டே தன் புதிய படிகளை எடுக்கிறது. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை 1970இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள், எச்.ஐ.வி. அடையாளம் காணப்பட்டதோ 1983இல்தான். குரோமோசோம்கள் உட்கருவுக்குள் இருப்பதால், அங்கே போகாமல் இந்த வைரஸின் வாழ்க்கை முழுமை பெறாது.

செல்லுக்குள் நுழைவதும் உட்கருவுக்குள் நுழைவதும் ஒன்றுதானா?

இல்லை. செல்லின் வெளிச்சவ்வைக் கடக்க வைரஸ் சிடி4 என்னும் புரதத்தையும், சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்னும் துணை ஏற்பியையும் பிடித்துக்கொண்டு தன் உறையை நம் சவ்வோடு கலக்கச் செய்கிறது. அந்தக் கட்டத்தில் உள்ளே விழுவது உறை நீங்கிய உட்பகுதி மட்டுமே. உட்கருவோ தனக்கென்று இரட்டைச் சவ்வு கொண்டது. அதைக் கடப்பது வேறொரு வேலை, அதற்குப் பயன்படும் வழியும் வேறு.

கேப்சிட் என்று சொல்லப்படுவது எது?

உறை நீங்கிய பின் எஞ்சும் கூம்பு வடிவக் கூடே கேப்சிட். அதன் நீளம் ஏறத்தாழ 120 நானோமீட்டர், அகன்ற பக்கத்தின் குறுக்களவு ஏறத்தாழ 60 நானோமீட்டர். ஒரே புரதத்தின் ஏறத்தாழ 1,500 படிகள் சேர்ந்து இதைக் கட்டுகின்றன. பெரும்பாலானவை ஆறு ஆறாகக் கூடி அறுகோணங்களாக அமைகின்றன; சரியாக 12 இடங்களில் மட்டும் ஐந்து ஐந்தாகக் கூடி ஐங்கோணங்களாகின்றன. வளைந்து மூடிய கூடு ஒன்று உருவாக அந்த 12 ஐங்கோணங்கள் வேண்டும் என்பது வடிவியலின் கட்டாயம். கூட்டுக்குள் ஆர்.என்.ஏ.வும், அதை டி.என்.ஏ.வாக எழுதும் நொதியும், அந்த டி.என்.ஏ.வை ஒட்டவைக்கும் இன்டெக்ரேஸ் நொதியும் அடைந்திருக்கின்றன.

இந்தக் கூடு முற்றிலும் அடைபட்டதன்று. ஒவ்வொரு அறுகோணத்தின் நடுவிலும் நேர்மின்னேற்றம் கொண்ட நுண்துளை ஒன்று உண்டு. டி.என்.ஏ. எழுதத் தேவையான நியூக்ளியோடைடுகள் அதன் வழியே உள்ளே வருகின்றன. செல்லின் பாதுகாப்புப் புரதங்கள் வர முடிவதில்லை. வைரஸ் டி.என்.ஏ. வெளியே தெரிந்தால் சி-காஸ் என்னும் உணரி அதைக் கண்டு அபாய அறிவிப்பு கொடுத்துவிடும் என்பதால், உள்ளே எழுதிக்கொண்டே பயணம் செய்வது வைரஸுக்கு மிகவும் வசதியான ஏற்பாடு.

கல்லூரிப் பாடத்தில் சைட்டோபிளாசத்திலேயே கேப்சிட் உடைந்துவிடும் என்று படித்தோம். அது தவறா?

நீண்ட காலம் அப்படித்தான் கருதப்பட்டது; பல பாடநூல் படங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. கூடு சவ்வைத் தாண்டியவுடன் கலைந்துவிடும், டி.என்.ஏ.வும் சில புரதங்களும் அடங்கிய சிறிய தொகுப்பு மட்டும் உட்கருவுக்குள் போகும் என்பதே அந்தப் படம். இதற்கு வலுவான காரணம் ஒன்றும் இருந்தது. தனியே பிரித்தெடுத்த உட்கருச் சவ்வில் அளந்தபோது, உள்ளே செல்லும் வழியான உட்கருத் துளையின் நடுவழி ஏறத்தாழ 40 நானோமீட்டர்தான் இருந்தது. 60 நானோமீட்டர் அகலமான கூடு அதற்குள் நுழையாது என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

2020ஆம் ஆண்டை ஒட்டி இந்தப் படம் மாறிவிட்டது. டி.என்.ஏ. எழுதும் வேலை உட்கருவுக்குள்தான் நிறைவடைகிறது என்றும், கூடு இணையவிருக்கும் இடத்துக்கு அருகிலேயே திறக்கிறது என்றும் வெவ்வேறு ஆய்வகங்கள் காட்டின. 2021இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள், தொற்றுக்குள்ளான டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களை உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்து, துளைக்குள் நுழைந்துகொண்டிருக்கும் முழுக் கூம்புகளையே கண்டார்கள். செல்லுக்குள் இயல்பான நிலையில் அந்தத் துளை 60 நானோமீட்டருக்கும் சற்று அதிக அகலமாக விரிந்திருப்பதும் அப்போது தெரிந்தது. செல்லிலிருந்து பிரித்தெடுத்தபோது துளை சுருங்கியிருந்திருக்கிறது. பழைய அளவீட்டில் பிழையில்லை. அளந்த பொருள்தான் இயல்பு நிலையில் இல்லை. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் என்ன எழுதுவது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. புதிய சான்றை எழுதி, பழைய கருத்து ஏன் நிலவியது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுவது நல்லது.

அகலம் போதும் என்றால் எதுவும் உள்ளே போய்விடலாமே?

போக முடியாது, இந்தக் கதையின் மிகச் சுவையான பகுதி இதுதான். உட்கருத் துளை வெறும் ஓட்டையன்று. ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள், மொத்தத்தில் ஆயிரம் படிகள் அளவில் கூடி அமைந்த பெரும் கட்டமைப்பு அது. அதன் நடுவழியை, குறிப்பிட்ட வடிவமின்றி நெளியும் புரத இழைகள் அடர்த்தியாக நிரப்பியிருக்கின்றன. அந்த இழைகளில் ஃபினைல் அலனின், கிளைசின் என்னும் இரு அமினோ அமிலங்கள் இணையாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை ஒன்றையொன்று பற்றி, தண்ணீரில் கரைந்த பெரிய பொருள்கள் கடக்க முடியாத சல்லடையாகின்றன. மிகச் சிறிய மூலக்கூறுகள் தாமாக ஊடுருவும். பெரிய புரதங்களோ, இழைகளோடு ஒட்டி ஒட்டி விலகத் தெரிந்த கடத்திப் புரதம் ஒன்று தம்மைச் சுமந்து சென்றால்தான் உள்ளே போக முடியும்.

எச்.ஐ.வி.யும் அத்தகைய கடத்திப் புரதம் ஒன்றின் முதுகில் ஏறித்தான் போகிறது என்று பல ஆண்டுகள் தேடினார்கள். இன்டெக்ரேஸ், மேட்ரிக்ஸ் புரதம், விபிஆர் என்று வைரஸின் ஒவ்வொரு உறுப்பாகச் சந்தேகப்பட்டார்கள். 2024இல் வெளியான இரண்டு ஆய்வுகள், ஒன்றையொன்று சாராமல், கேப்சிட்டே கடத்திப் புரதம்போல் நடந்துகொள்கிறது என்று காட்டின. கூட்டின் வெளிப்பரப்பு முழுவதும் உள்ள நூற்றுக்கணக்கான சிறு குழிகளில் துளையின் இழைகள் பொருந்துகின்றன. கூடு அந்தச் சல்லடையில் கரைவதுபோல் உள்ளே ஆழ்கிறது. நம்ம மெட்ரோவின் தானியங்கிக் கதவில் இந்தப் பயணி வேறொருவரின் அட்டையைக் காட்டி நுழைகிறார் என்று நினைத்திருந்தோம். அவர் மேனியே அட்டையாக இருந்திருக்கிறது.

அதுவும் இடிபாடில்லாத பயணமன்று. 2025இல் வெளியான ஓர் ஆய்வு, மேக்ரோபேஜ் என்னும் மற்றொரு வகை நோயெதிர்ப்புச் செல்களில் கேப்சிட் நுழையும்போது துளையின் வளையக் கட்டமைப்பே சில இடங்களில் விரிசல் விடுவதைக் காட்டியது. கூடு நெகிழ்ந்து கொடுக்கிறது, துளையும் விட்டுக்கொடுக்கிறது என்று இப்போதைக்குச் சொல்லலாம்.

துளை வரைக்கும் அது எப்படி வந்து சேர்கிறது?

செல்லுக்குள் நுண்குழல்கள் என்னும் தடங்கள் ஓடுகின்றன. டைனீன், கைனீசின் ஆகிய மோட்டார் புரதங்கள் அவற்றின்மேல் சரக்கை இழுத்துச் செல்கின்றன. கேப்சிட் அவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறது. வழியில் சைக்ளோஃபிலின்-ஏ என்னும் செல் புரதம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு, தடுப்புப் புரதங்களிடமிருந்து ஓரளவு மறைக்கிறது. துளையின் வெளிமுகத்தில் நீண்டிருக்கும் என்யுபி358 என்னும் புரதம் கூட்டை முதலில் பற்றுகிறது; உள்முகத்தில் இருக்கும் என்யுபி153 அதைப் பெற்றுக்கொள்கிறது.

செல் பிளவுபடும்போது உட்கருச் சவ்வே மறைந்துவிடுகிறதே, அப்போது நுழைந்தால் போதாதா?

எலிகளில் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ரெட்ரோவைரஸ் ஒன்று அப்படித்தான் காத்திருந்து நுழைகிறது. எச்.ஐ.வி. காத்திருப்பதில்லை. பிளவுபடாத செல்களிலும் அது தொற்றும் என்பது 1990களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டது. 2004இல், அந்த எலி வைரஸின் கேப்சிட் பகுதியை எச்.ஐ.வி.க்குப் பொருத்திப் பார்த்தபோது, பிளவுபடாத செல்லில் தொற்றும் திறனை அது இழந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த விடையின் முதல் குறிப்பு அந்தச் சோதனையிலேயே இருந்தது. மேக்ரோபேஜ்கள்போல் பெரும்பாலும் பிளவுபடாமல் வாழும் செல்களில் இந்த வைரஸ் தங்க முடிவதற்கு இதுவே காரணம்.

உள்ளே போன பிறகு எங்கே போகிறது?

துளையின் உள்வாயிலிலேயே நின்றுவிடுவதில்லை. சிபிஎஸ்எஃப்6 என்னும் புரதம் கேப்சிட்டின் அதே குழிகளைப் பற்றி, என்யுபி153இன் பிடியிலிருந்து விடுவித்து, உட்கருவின் உட்பகுதிக்கு நகர்த்துகிறது. ஆர்.என்.ஏ.வைச் செப்பனிடும் புரதங்கள் செறிந்த புள்ளிகள் அங்கே உண்டு. அவற்றைச் சுற்றி மிகவும் சுறுசுறுப்பாக இயங்கும் மரபணுக்கள் இருக்கின்றன. கூடு அங்கே திறக்கிறது. சிபிஎஸ்எஃப்6ஐ நீக்கிய செல்களில் வைரஸ் உட்கருவின் விளிம்பிலேயே தேங்கி, அங்குள்ள மந்தமான டி.என்.ஏ.வில் இணைந்துவிடுகிறது.

இன்டெக்ரேஸ் சரியாக என்ன செய்கிறது?

இன்டெக்ரேஸ் 288 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய நொதி. அதன் பல படிகள் கூடி, வைரஸ் டி.என்.ஏ.வின் இரு முனைகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. இந்தத் தொகுப்புக்கு இன்டசோம் என்று பெயர். அதன் வேலை இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதற்கட்டத்தில் ஒவ்வொரு முனையிலும், 3' எனப்படும் நுனியில் முடியும் இழையிலிருந்து இரண்டு நியூக்ளியோடைடுகள் நறுக்கப்படுகின்றன. இதனால் வினைபுரியத் தயாரான ஹைட்ராக்சில் தொகுதி முனையில் வெளிப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்த ஹைட்ராக்சில் நம் டி.என்.ஏ.வின் பாஸ்பேட் பிணைப்பைத் தாக்குகிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் அங்கே ஒரே வினை. ஏடிபி போன்ற ஆற்றல் மூலம் எதுவும் இதற்குத் தேவையில்லை, நொதியின் மையத்தில் உள்ள இரண்டு மெக்னீசியம் அயனிகளே போதும்.

வைரஸின் இரு முனைகளும் நம் டி.என்.ஏ.வின் எதிரெதிர் இழைகளில், ஐந்து எழுத்துகள் தள்ளித் தள்ளித் தாக்குகின்றன. எனவே இணைந்த இடத்தின் இரு புறமும் சிறு இடைவெளிகள் விழுகின்றன. அவற்றை நிரப்பி ஒட்டுவது வைரஸ் அன்று, நம் செல்லின் சொந்தப் பழுதுபார்ப்பு நொதிகள். அந்த ஐந்து எழுத்துகளும் இரு பக்கமும் இரட்டித்து நிற்கும், எச்.ஐ.வி. இணைந்த இடத்தின் அடையாளம் அது. இப்படி இணைந்த வைரஸ் டி.என்.ஏ.வை புரோவைரஸ் என்கிறார்கள். இணையத் தவறும் வைரஸ் டி.என்.ஏ.வில் ஒரு பகுதி வளையமாக மூடிக்கொண்டு, பெருகும் வழியின்றிப் போகிறது. அத்தகைய வளையங்களில் ஒரு வகை உட்கருவுக்குள் மட்டுமே உருவாவதால், வைரஸ் உள்ளே வந்துவிட்டதா என்று ஆய்வகங்களில் சோதிக்க அது உதவுகிறது.

எந்த மரபணுவில் இணைய வேண்டும் என்று வைரஸ் தேர்ந்தெடுக்கிறதா?

குறிப்பிட்ட ஓர் இடம் என்று கிடையாது. ஆனால் குருட்டாம்போக்கிலும் நடப்பதில்லை. சுறுசுறுப்பாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களையே எச்.ஐ.வி. விரும்புகிறது என்பது 2002இல் தெரியவந்தது. அதற்குக் காரணமான செல் புரதமும் பிறகு அடையாளம் காணப்பட்டது: எல்இடிஜிஎஃப், ஒரு பக்கம் இயங்கும் மரபணுக்களின் குரோமாட்டினையும் (டி.என்.ஏ.வும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும் சேர்ந்த தொகுப்பு) மறுபக்கம் இன்டெக்ரேஸையும் பற்றிக்கொள்கிறது. இயங்கும் மரபணுவுக்குள் குடியேறினால் வைரஸும் படியெடுக்கப்படும் வாய்ப்பு அதிகம். இதற்கு மறுதலையான சான்று 2020இல் வந்தது. மருந்தின்றியே வைரஸைக் கட்டுப்படுத்தும் அரிய சிலரிடம், முழுமையான புரோவைரஸ்கள் பெரும்பாலும் மரபணுக்களே இல்லாத, மூடுண்ட பகுதிகளில் கிடந்தன.

நம் டி.என்.ஏ.விலேயே சேர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு மரபுவழியாகப் போகுமா?

போகாது. எச்.ஐ.வி. இணைவது சிடி4 உள்ள நோயெதிர்ப்புச் செல்களில். கருமுட்டையின் மரபணுவிலோ விந்தணுவின் மரபணுவிலோ அன்று. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று வருவது கர்ப்பத்தின்போதோ பிரசவத்தின்போதோ தாய்ப்பால் வழியாகவோ வைரஸ் துகள்கள் கடத்தப்படுவதால். தாய் முறையாக மாத்திரை உட்கொண்டால் அதைப் பெரும்பாலும் தடுக்க முடியும். இந்தக் கேள்வியைத் திருமணப் பேச்சின்போது கேட்பவர்கள் உண்டு. கேட்கும் குரலில் உள்ள அச்சம் பெரிது என்பதால், ஆலோசகர்கள் இதற்குத் தயங்காமல் நேரடியாகப் பதில் சொல்வது நல்லது.

வைரல் லோட் தெரியவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. வைரல் லோட் பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் துகள்களின் ஆர்.என்.ஏ.வை அளக்கிறது, செல்களின் குரோமோசோமுக்குள் இணைந்திருக்கும் புரோவைரஸ் அந்த எண்ணிக்கையில் வருவதில்லை. தொற்றுக்குள்ளான டி செல்களில் சில, ஓய்வு நிலைக்குத் திரும்பி நினைவுச் செல்களாக ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றில் புரோவைரஸ் எந்தப் புரதமும் உண்டாக்காமல் அடங்கிக் கிடப்பதால், நோயெதிர்ப்பு மண்டலம் அதைக் காண்பதில்லை, மருந்துக்கும் அங்கே வேலையில்லை. தொடர்ந்து மாத்திரை உட்கொள்பவர்களிடம் இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தகைய செல் பிளவுபட்டால் அதனுள் இருக்கும் புரோவைரஸும் செலவில்லாமல் இரட்டிக்கிறது. இணைந்துள்ள படிகளில் மிகப் பெரும்பாலானவை குறைபட்டவை, வைரஸாக எழ முடியாதவை. எஞ்சிய சிலவே மாத்திரை நின்ற சில வாரங்களில் வைரஸை மீண்டும் ரத்தத்துக்குக் கொண்டுவரப் போதுமானவை.

அதே சமயம், வைரல் லோட் தெரியாத நிலையைத் தொடர்ந்து காத்துவரும் ஒருவர் உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றைக் கடத்துவதில்லை என்பதும் உறுதியாக நிறுவப்பட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசு மையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இன்டெக்ரேஸைத் தடுக்கும் மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனை உள்ளிட்ட ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மையங்களில் இப்போது முதன்மையாகக் கொடுக்கப்படும் டிஎல்டி என்னும் கூட்டு மாத்திரையில், டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகியவற்றோடு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் இருக்கிறது. முதல் இரண்டும் டி.என்.ஏ. எழுதுவதைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் இன்டசோமின் மெக்னீசியம் அயனிகளைப் பற்றிக்கொண்டு இரண்டாம் கட்டத்தை நிறுத்துகிறது. இந்த வகையின் முதல் மருந்தான ரால்டெக்ராவிர் 2007இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவை புதிய செல்களில் இணைவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே இணைந்ததை வெளியேற்றாது. மெக்னீசியம், அலுமினியம் உள்ள அமிலநீக்கி மருந்துகளும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் டோலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை உட்கொள்பவர் மையத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேப்சிட்டைத் தாக்கும் மருந்து வந்திருப்பதாகச் சொல்கிறார்களே?

லெனகாபவிர். கேப்சிட்டின் பரப்பில் உள்ள குழிகளைப் பற்றி மேலே சொன்னோம். துளையின் இழைகளும் என்யுபி153உம் சிபிஎஸ்எஃப்6உம் பற்றுகிற அந்தக் குழியில்தான் இந்த மருந்தும் போய் அமர்கிறது. கூடு விறைத்து, ஒழுங்காக மூடியிருக்க முடியாமல் சிதைகிறது. உட்கருவின் வாயிலும் அதற்குக் கிட்டாமல் போகிறது. புதிய துகள்கள் உருவாகும்போது கூடு சரியாக அமைவதையும் இது குலைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தினால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த தடுப்புச் சோதனையின் முடிவு 2024இல் வெளியானபோது, இந்த ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்பட்டிருக்கவில்லை. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. கேப்சிட்டை வெறும் பொதி என்று கருதியிருந்த வரையில், இப்படி ஒரு மருந்தைத் தேடக் காரணமே இருந்திருக்காது.

இந்தியாவில் பரவும் எச்.ஐ.வி. வேறு வகையா?

இந்தியாவில் பெரும்பான்மை சி துணை வகை. உட்கருவுக்குள் நுழையும் வழியும் இணையும் வழியும் அடிப்படையில் ஒன்றே. வேறுபாடு இணைந்த பிறகு தெரிகிறது. புரோவைரஸின் முனையில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில், செல் தூண்டப்படும்போது படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் என்எஃப்-காப்பா-பி புரதம் அமரும் இடங்கள், மேற்கு நாடுகளின் பி வகையில் பொதுவாக இரண்டு. சி வகையில் பொதுவாக மூன்று. நான்கு இடங்கள் கொண்ட வைரஸ்களும் இந்தியாவில் இருப்பதை, பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் குழு 2012இல் தெரிவித்தது. நம் ஊர் மாணவர்கள் இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பினால் வெகுதொலைவு போக வேண்டியதில்லை.

இணைந்த டி.என்.ஏ.வை வெட்டி எடுத்துவிட முடியாதா?

டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் ஆய்வகச் செல்களிலும் விலங்குகளிலும் வெட்டியிருக்கிறார்கள். உடல் முழுவதும் சிதறிக் கிடக்கும் அரிதான செல்கள் ஒவ்வொன்றையும் எட்டுவதுதான் தடை. இதுவரை குணமடைந்தவர்கள் என்று கருதப்படும் மிகச் சிலர் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றம் பெற்றவர்கள். அவர்களில் முதலாமவர் டிமோத்தி ரே பிரவுன். அந்தச் சிகிச்சையின் ஆபத்து பெரிது என்பதால், நாள்தோறும் ஒரு மாத்திரையால் நலமாக வாழ்பவருக்கு அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ ஊசி குத்திவிட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். பிழியவோ தேய்க்கவோ கூடாது. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். இத்தனை அவசரத்துக்குக் காரணம் மேலே விவரித்த படிகள்தான்: டி.என்.ஏ. எழுதுவதையும் இணைவதையும் மருந்தால் தடுக்க முடியும், நிலைத்துவிட்ட புரோவைரஸை மருந்தால் எடுக்க முடியாது. தொடங்கிய மருந்தை 28 நாள்களும் விடாமல் உட்கொள்ள வேண்டும். இரவில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாவிட்டால், கட்டணமில்லா 1097 எண்ணில் கேட்கலாம்.